டைட்டு மாட்டிய ஸ்பிரிங்

டைட்டு என்று பெயர் வந்ததற்கு அந்த மனுஷன்தான் காரணம், வேறு யாரும் இல்லை. பூங்காவின் ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். எந்த நட்டை முடுக்கினாலும், போதும் என்ற இடத்தில் நிறுத்த மாட்டார். கூட ஒரு கால் சுற்று போடுவார். அப்போது தொண்டையிலிருந்து 'ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த நட்டை இந்த ஜென்மத்தில் வேறு ஆள் கழற்ற முடியாது. அவர் மூடிய குழாயைத் திறக்கத் தோட்டக்காரர்கள் ரெஞ்ச் தேடி ஓடுவார்கள். வீட்டில் இன்னும் மோசம். காலையில் அவர் சர்க்கரை டப்பாவை மூடிவிட்டு வேலைக்குப் போனால், அவர் மனைவிக்குச் சாயங்காலம் வரை சர்க்கரை இல்லாத டீதான். "அது கையா, இல்ல வேற ஏதாவதா? டப்பா மூடறதுக்கு எதுக்கு இவ்ளோ வீரம்?" என்று அவள் கத்துவாள். மனுஷனுக்கு அது திட்டாகவே படாது. ஏதோ பாராட்டிவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

ஆள் தொண்ணூற்றாறு கிலோ. தொப்பையும் உண்டு, தெம்பும் உண்டு. வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். காதை வைத்தே என்ஜினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். வாய்தான் சும்மா இருக்காது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் யாரையாவது இரண்டு வார்த்தை வாரிவிட்டு, எல்லாரும் சிரிப்பதைப் பார்த்தால்தான் அவருக்குக் குடித்த டீ செரிக்கும். அப்படிப்பட்ட ஆள் ஒரு வார காலம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார். அதற்குக் காரணம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு ஸ்பிரிங்.

பூங்காவில் பழைய தோட்டத்து டிராக்டர் ஒன்று இருந்தது. வயல் டிராக்டர் அளவு இல்லை, அதன் குட்டி என்று சொல்லலாம். பின்னால் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு மேட்டுப் பாத்திகளுக்குப் போகும், எரு ஏற்றி வரும், புல் வெட்டும். அதை ஒன்பது வருடமாக ஓட்டியவர் ஒரு பெண். பூங்காவிலேயே வண்டி ஓட்டுகிற ஒரே பெண். எல்லாருக்கும் அவர் டிராக்டரக்கா. டைட்டுவைவிட ஏழு வயது இளையவர், ஆனாலும் டைட்டுவும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் டைட்டுவை அண்ணே என்பார். யார் அக்கா, யார் அண்ணன் என்று இருவருமே கணக்குப் பார்த்ததில்லை. அக்கா ஒல்லியான உடம்பு, சின்னக் கால். சீட்டில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டால்தான் பெடல் எட்டும். ஆனால் அந்தத் தலையணையும் அவரும் சீட்டில் ஏறிவிட்டால், ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே ஒரு இலை நசுங்காமல் தொட்டியோடு திரும்பி வருவார்.

ஒரு நாள் காலையில் அக்கா வந்து, "அண்ணே, தொட்டி நிறைய இருந்தா மேட்டுல வண்டி ஏற மாட்டேங்குது. என்ஜின் கத்துது, சக்கரம் சுத்தல" என்றார். கிளட்ச் நழுவுகிறது, வேறொன்றும் இல்லை. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே வட்டமாக ஒரு தட்டு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். பெடலை மிதித்தால் ஸ்பிரிங் நசுங்கிப் பிடி விடும். காலை எடுத்தால் மறுபடி கவ்விக்கொள்ளும். டைட்டு கழற்றிப் பார்த்தார். தட்டின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. லைனிங் கடையில் கொடுத்துப் புதிதாக ஒட்டி வாங்க இரண்டு நாள் ஆகும். வண்டி இரண்டு நாள் நின்றால் சூப்பர்வைசர் முணுமுணுப்பார். அதைவிட, லைனிங் ஒட்டுவது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. டைட்டுவுக்கு அதில் என்ன பெருமை?

கடைத்தெருவில் பெரிய மாடல் டிராக்டருக்கு வரும் ஸ்பிரிங் ஒன்றை வாங்கி வந்தார். நீளம் அதே நீளம், கம்பி மட்டும் இரண்டு மடங்கு தடிமன். பழைய ஸ்பிரிங் கையாலேயே கொஞ்சம் நசுங்கும். இதை வைஸ் இடுக்கியில் வைத்து நெருக்கி, கைப்பிடியில் குழாயைச் செருகி, 'ம்ம்' என்று இரண்டு தடவை முக்கித்தான் மாட்ட முடிந்தது. மாட்டிய பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இது நழுவிச்சுன்னா நான் மீசையை எடுத்துக்கறேன்" என்றார். வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே பூட்ஸ் காலால் பெடலை ஒரு மிதி மிதித்தார். தரை வரை போனது. அவ்வளவுதான் சோதனை. சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஏறினால் தொப்பை ஸ்டீயரிங்கில் முட்டும்.

வண்டி மேட்டில் சிங்கம் மாதிரி ஏறியது. சூப்பர்வைசரே முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், டீ நேரம். ஒர்க்‌ஷாப் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அக்கா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"அண்ணே, பெடல் கல்லு மாதிரி இருக்குண்ணே. முழுசா இறங்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

டைட்டு டம்ளரை ஒரு கையில் பிடித்தபடி வண்டியிடம் போனார். நின்ற வாக்கில் ஒரு மிதி. பெடல் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "வண்டிக்கு ஏத்த வேண்டிய சத்தை நான் ஏத்திட்டேன்ப்பா. இனிமே அக்காவுக்குத்தான் சத்து ஏத்தணும். வீட்டுல சாப்பாடு போடறாங்களா இல்லையா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு பெடலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அந்த டிராக்டரில் ஒரு சங்கதி உண்டு. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே பெடல். பாதி மிதித்தால் கிளட்ச் விடும், கடைசி வரை மிதித்தால் பிரேக் பிடிக்கும். கடைசி வரை மிதிக்க முடியாதவருக்குப் பிரேக்கே இல்லை. இதை அந்தப் பூங்காவில் டைட்டுவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்தும் அவர் மண்டையில் உறைக்கவில்லை. அதுதான் கொடுமை.

இரண்டு வாரம் அக்கா எப்படியோ ஓட்டினார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, சீட்டிலிருந்து எழும்பி, உடம்பு மொத்தத்தையும் இடது காலில் இறக்கி ஓட்டினார். அதற்கு அடுத்த வியாழக்கிழமை, தொட்டி நிறையத் தண்ணீரோடு சரிவில் இறங்கும்போது பெடல் பாதியில் நின்றுவிட்டது. வண்டி நாற்றங்கால் பந்தலுக்குள் புகுந்து, மூன்று வரிசை நாற்றுகளை நசுக்கி, மதிலில் மோதி நின்றது. அந்தப் பந்தலில் உட்கார்ந்து பூந்தொட்டிகளுக்கு மண் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கை கழுவ எழுந்து போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த பலகை இரண்டாக உடைந்து கிடந்தது.

மறுநாள் விசாரணை. பெரிய விசாரணை ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர், டைட்டு, அக்கா, வேடிக்கை பார்க்க நாலு பேர். மதிலோரம் இன்னும் அப்படியே நின்றிருந்த வண்டியைக் காட்டிச் சூப்பர்வைசர் கேட்டார்: "வண்டியில குறை ஏதாவது இருக்கா?"

டைட்டு பக்கத்தில் நின்று ஒரு மிதி மிதித்தார். கிளட்ச் விட்டது, பிரேக் பிடித்தது. "வண்டி சுத்தமா இருக்கு சார். ஒரு குறையும் இல்ல."

சொல்லும்போதே 'பெடல் கல்லு மாதிரி இருக்குண்ணே' என்று அக்கா அன்றைக்குச் சொன்னது காதில் ஒலித்தது. அக்கா பெடலைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். சூப்பர்வைசர் நீட்டிய தாளில், வண்டியில் குறை இல்லை என்று டைட்டு கையெழுத்துப் போட்டார். ஒன்பது வருடம் வண்டி ஓட்டியவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, இலை பெருக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வண்டிக்கு வேறு ஆள் வந்தான். முப்பது வயது, ஆறடிக்கு மேல் உயரம். வந்த அன்றே நெட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெட்டை ஒரு குறையும் சொல்லாமல் ஓட்டினான். டைட்டுவுக்கு மூச்சு வந்தது. பார்த்தாயா, வண்டியில் ஒன்றும் இல்லை என்று தனக்குத் தானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டார். ஒரு தடவை போதாமல் ஏன் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருந்தது என்று யோசிக்கவில்லை.

நாலு வாரம் கழித்து நெட்டைக்குக் காய்ச்சல். வெயில் வேறு கொளுத்தியது. மேட்டு ரோஜாக்கள் வாட ஆரம்பித்தன. "இன்னிக்கு ஒரு நாள் நீயே ஓட்டிடு. உனக்குத் தெரியாத வண்டியா?" என்றார் சூப்பர்வைசர். டைட்டு தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு சீட்டில் ஏறினார். பெடலை மிதித்தார். போனது. ஆனால் நின்று மிதிக்கும்போது போன மாதிரி இல்லை. நின்றால் தொண்ணூற்றாறு கிலோவும் இறங்கும். உட்கார்ந்தால் தொடை மட்டும்தான். பாத்திக்குப் பாத்தி நிறுத்த வேண்டும், கிளம்ப வேண்டும். இருபதாவது தடவை தொடை நடுங்க ஆரம்பித்தது. முப்பதாவது தடவை முழங்காலுக்கு மேலே யாரோ முறுக்குவது போல வலித்தது. தொட்டியை மறுபடி நிரப்பிக்கொண்டு சரிவில் இறங்கும்போது மிதித்தார், பெடல் பாதியில் நின்றது. பின்னால் தண்ணீர் தள்ளுகிறது. பிரேக் இல்லை. முன்னால் பந்தல், பந்தலுக்குள் மண் போடும் பெண்கள்.

அவரும் ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடித்து, சீட்டிலிருந்து எழும்பி, மொத்த உடம்பையும் இறக்கினார். அவர் உடம்பு போதுமானதாக இருந்தது. பந்தலுக்கு நாலு அடி முன்னால் வண்டி நின்றது.

பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, "என்னண்ணே, வேர்த்துக் கொட்டுது?" என்றாள். "வெயில்" என்றார். என்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தன்னைச் செருப்பால் அடித்தால்கூடத் தகும் என்று தோன்றியது.

மறுநாள் வீட்டிலிருந்த எடை பார்க்கும் மிஷினை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், யாரும் இல்லாத நேரத்தில் பெடல் மேல் வைத்து அழுத்தினார். பிரேக் பிடிக்க நாற்பத்தொரு கிலோ. டிராக்டரக்கா மொத்தமே நாற்பத்தேழு கிலோ இருந்தால் அதிகம்.

சாயங்காலம் மிஷினைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலியைப் போட்டு மனைவியை உட்காரச் சொன்னார். அவளும் கிட்டத்தட்ட அக்கா உயரம்தான்.

"இடது காலால இதை மிதி. முடிஞ்ச மட்டும்."

"உங்களுக்கு என்ன ஆச்சு? சமையலை விட்டுட்டு மிஷினை மிதிக்கணுமா?"

"மிதியேன்."

அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். முகம் சிவந்துவிட்டது. "எவ்ளோ?"

"இருபத்தாறு."

"போதுமா?"

டைட்டு மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விடவில்லை. "கேக்கறேன்ல? போதுமா, போதாதா?"

"போதும்மா. அது போதணும்" என்றார். குரல் ஒரு மாதிரி போவதைக் கேட்டு அவள் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. கேட்டால் என்னவென்று சொல்வது? ஒருத்தியால் மிதிக்க முடியாததை மாட்டி வைத்துவிட்டு, மிதிக்க முடியவில்லை என்று வந்து சொன்னவளைப் பார்த்து ஊரே சிரிக்கப் பேசினேன் என்று மனைவியிடம் எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை லைனிங் கடைக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரே நாளில் தட்டுக்குப் புது லைனிங் ஒட்டி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஒர்க்‌ஷாப்பில் தடி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அந்த வண்டிக்கே உரிய அளவில் புது ஸ்பிரிங் மாட்டினார். எடை மிஷினை வைத்துப் பார்த்தார். பதினெட்டு கிலோ. தொட்டி நிறையத் தண்ணீரோடு மேட்டில் ஏற்றினார். நழுவவில்லை. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அறைக்குப் போனார். இப்போதாவது உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம் அல்லவா? மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"சார், டிராக்டரக்காவையே திரும்ப வண்டியில போடலாமே சார். பாவம்."

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பாவம்? ரெண்டு உயிர் போயிருக்கும். வண்டியில குறை இல்லன்னு நீதானே கையெழுத்துப் போட்ட? அப்ப குறை ஓட்டினவங்க கிட்டதானே? இப்ப என்ன மாறிடுச்சு, சொல்லு."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் திறந்தது. "ஒண்ணுமில்ல சார். சும்மா கேட்டேன்" என்று வந்தது. வெளியே வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் யார் வண்டி கெட்டாலும் யார் செய்த தப்பு என்று உடைத்துச் சொல்லும் வாய் அது. தன் தப்பென்றதும் அதற்குப் பூட்டு விழுந்துவிட்டது.

நடைபாதையில் அக்கா இலை பெருக்கிக்கொண்டிருந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பது போல இருந்தது. டைட்டு வேறு பக்கம் திரும்பி நழுவப் பார்த்தார். அதற்குள் அக்கா பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, இளைச்சுப் போயிட்டீங்க? வீட்டுல அண்ணி சாப்பாடு போடறாங்களா இல்லையா?"

கிண்டல் இல்லை. அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தார், கிண்டலே இல்லை. நிஜமாகவே விசாரித்தார். டைட்டுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. தலையை ஆட்டிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

டீ நேரத்தில் எல்லாரும் வாசலில் கூடினார்கள். அன்றைக்குச் சூப்பர்வைசரும் வந்திருந்தார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைசியில் நின்றார். டைட்டு டம்ளரைக் கையில் வாங்கவில்லை.

"ஒரு நிமிஷம், எல்லாரும் கேளுங்க."

"என்னண்ணே, ரிட்டயர் ஆகறீங்களா?" என்றான் நெட்டை. சிரிப்பு எழுந்தது. டைட்டுவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே அடங்கியது.

"வண்டி பந்தல்ல ஏறினதுக்கு அக்கா காரணமில்ல. நான்தான். லைனிங் போட வேண்டிய இடத்துல, பெரிய வண்டிக்கு வர்ற தடி ஸ்பிரிங்கை மாட்டி விட்டேன். பிரேக் பிடிக்க நாப்பத்தோரு கிலோ அழுத்தணும். அக்காவால முடியாது. உட்கார்ந்து ஓட்டினா என்னாலயே முடியல. அக்கா வந்து சொன்னாங்க. நான் இதே இடத்துல நின்னு..." கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இதே இடத்துல நின்னு கேலி பண்ணேன். நீங்களும் சிரிச்சீங்க. அப்புறம் குறையே இல்லன்னு கையெழுத்தும் போட்டேன். அது பொய். சார், எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன்."

சூப்பர்வைசர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். முகம் கடுகடுவென்று ஆனது. "உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, தணிந்த குரலில், "நாளையிலேர்ந்து நீங்க வண்டிக்கு வந்துடுங்கம்மா" என்றார். நெட்டை டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டைட்டு அக்காவிடம் போனார். "ஸ்பிரிங்கை மாத்திட்டேன். பெடலை ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க."

அக்கா வண்டியில் ஏறினார். தலையணை இல்லாததால் சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பயந்து பயந்து இடது காலை வைத்து அழுத்தினார். பெடல் கடைசி வரை போனது. காலை எடுத்தார், மறுபடி அழுத்தினார். நாலைந்து தடவை அப்படியே செய்துகொண்டிருந்தார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. டைட்டு தைரியம் வரவழைத்துக்கொண்டு, "மன்னிச்சிடும்மா" என்றார். அக்கா என்று கூப்பிட நா எழவில்லை.

அக்கா சேலையை முழங்காலுக்கு மேலே லேசாக ஒதுக்கிக் காட்டினார். இடது முட்டி வீங்கியிருந்தது. பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கருநீலப் புள்ளிகள்.

"என் கால்தான் போச்சுன்னு நெனச்சேன்ணே. வயசாயிடுச்சு, இனிமே வண்டி எனக்கு இல்லன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டப் போய், பெடலை மிதிக்கக் கால்ல பலமில்லன்னு சொன்னேன். முட்டிக்குள்ள வாரத்துக்கு ஒரு ஊசி, ஆறு ஊசி போட்டா சரியாகலாம்னாரு. வலி உயிர் போகுது. நாலு போட்டாச்சு."

டைட்டு அந்தப் புள்ளிகளையே பார்த்தார்.

"இன்னும் ரெண்டு இருக்குண்ணே. நாளைக்கு அஞ்சாவது. போகணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். டைட்டு இரண்டு கையாலும் டிராக்டரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா" என்றார். "உன் கால் நல்லாதான் இருந்துச்சு."